மெமரி கார்டில் உள்ள படங்களைக் கம்ப்யூட்டருக்கு மாற்றுவது

கேனான் 1500டி, நிக்கான் டி3500 மாதிரி ஒரு தொடக்கநிலை கேமரா. ஒரு விண்டோஸ் லேப்டாப். வீட்டில் காதுகுத்து முடிந்து கார்டில் 500 படங்கள் இருக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். அவற்றை ஒன்றுவிடாமல் கம்ப்யூட்டருக்குக் கொண்டுவந்து, சரிபார்த்து, அடுத்த விசேஷத்துக்குக் கார்டைக் காலியாக்கி வைப்பதுவரை என்னென்ன செய்ய வேண்டும் என்று இங்கே பார்க்கலாம். வேறு கம்பெனி கேமரா என்றால் மெனுவில் பெயர்கள் மாறும், அவ்வளவுதான்.

காப்பி செய்வது சின்ன வேலை. எல்லாம் வந்து சேர்ந்ததா என்று பார்க்காமலே கார்டை அழித்துவிடுவதில்தான் வம்பு வருகிறது. அதனால் காப்பியைவிடச் சரிபார்ப்பைப் பற்றித்தான் இங்கே அதிகம் பேச்சு இருக்கும்.

கேபிளா, கார்டு ரீடரா?

இரண்டு வழி உண்டு. கேமராவையே யுஎஸ்பி கேபிளில் லேப்டாப்போடு இணைக்கலாம். அல்லது கார்டை வெளியே எடுத்து, லேப்டாப்பின் எஸ்டி ஸ்லாட்டிலோ தனியாக வாங்கிய கார்டு ரீடரிலோ போடலாம். கார்டு ரீடரைத்தான் பரிந்துரைக்கிறோம். சில நூறு ரூபாய்க்கு நல்ல ரீடர் கிடைக்கும். வாங்கும்போது யுஎஸ்பி 3.0 என்று போட்டிருக்கிறதா, எஸ்டிஎக்ஸ்சி (32 ஜிபிக்கு மேற்பட்ட) கார்டு படிக்குமா என்று மட்டும் பார்த்து வாங்குங்கள்.

காரணங்கள் இவை. கேபிளில் இணைத்தால் கேமராவின் பேட்டரி கரையும், பாதியில் அணைந்தால் காப்பியும் பாதியில் நிற்கும். கேனான், நிக்கான் கேமராக்கள் கேபிளில் இணைந்ததும் பென்டிரைவ் போல ஒரு டிரைவ் எழுத்தோடு வருவதில்லை. பிடிபி அல்லது எம்டிபி என்ற முறையில் 'கையடக்கக் கருவி'யாக வந்து நிற்கும். பார்க்கலாம், காப்பி செய்யலாம். ஆனால் இரண்டு போல்டரை ஒப்பிட்டுப் பார்க்கும் மென்பொருள்கள் பலவற்றுக்கு அதற்குள் நுழையத் தெரியாது. வேகத்திலும் வித்தியாசம் இருக்கிறது. தொடக்கநிலை கேமராக்களில் இருப்பது யுஎஸ்பி 2.0. காகிதத்தில் நொடிக்கு 480 மெகாபிட் என்றாலும் நடைமுறையில் 30, 35 எம்பி வந்தாலே அதிகம். யுஎச்எஸ்-1 வகைக் கார்டை யுஎஸ்பி 3.0 ரீடரில் போட்டால் நொடிக்கு 80, 90 எம்பிவரை வரும்.

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 24 மெகாபிக்சல் கேமராவில் நல்ல தரத்தில் எடுத்த ஒரு ஜேபெக் படம் சுமார் 8 எம்பி. 500 படம் என்றால் 4 ஜிபி. கேபிளில் இரண்டரை நிமிடம் ஆகும். இதற்காக யாரும் ரீடர் வாங்க வேண்டியதில்லை. ஆனால் ரா கோப்பையும் (கேமரா பதப்படுத்தாமல் அப்படியே பதியும் அசல் தகவல்) சேர்த்து எடுத்திருந்தால் படத்துக்கு இன்னும் 25 முதல் 30 எம்பி கூடும். மொத்தம் 18 ஜிபி. கேபிளில் பத்து நிமிடத்துக்கு மேல் போகும் வேலை ரீடரில் நான்கு நிமிடத்துக்குள் முடியும். வீடியோவும் இருந்தால் சொல்லவே வேண்டாம்.

கேபிள்தான் கையில் இருக்கிறது என்றால் அதிலும் தாராளமாகச் செய்யலாம். 1500டியில் உள்ளது மினி-பி என்ற பழைய துளை; போன் சார்ஜர் கேபிள் அதில் நுழையாது. டி3500-க்கு மைக்ரோ யுஎஸ்பி. புதிய கேமராக்களுக்கு டைப்-சி. பேட்டரி பாதிக்கு மேல் இருக்கட்டும்.

கார்டை எடுக்கும் முன்

கேமராவை ஆஃப் செய்யுங்கள். பின்பக்கம் ஒரு சிறிய விளக்கு இருக்கும். கார்டில் எழுதும்போதும் படிக்கும்போதும் அது மினுக்கும். அது முழுக்க அணைந்த பிறகே மூடியைத் திறக்க வேண்டும். வீடியோ எடுத்த உடனேயோ தொடர்ச்சியாகப் பல படம் சுட்ட உடனேயோ அவசரப்பட்டு மூடியைத் திறப்பவர்களுக்குத்தான் கடைசிப் படங்கள் பாழாகும். 1500டியில் கார்டு இருப்பது அடியில், பேட்டரியோடு ஒரே அறையில். சில கேமராக்களில் வலது பக்கவாட்டில் தனி மூடி. கார்டை லேசாக உள்ளே அமுக்கிவிட்டால் அதுவே வெளியே துள்ளும். நகத்தால் நெம்ப வேண்டாம்.

எஸ்டி கார்டின் இடப்பக்க விளிம்பில் சின்னதாக ஒரு தள்ளுபட்டை இருக்கிறது. அதைக் கீழே இறக்கினால் கார்டு லாக் ஆகும். லாக் ஆன கார்டிலிருந்து படிக்கலாம், காப்பி செய்யலாம். அழிக்கவோ எழுதவோ முடியாது. லேப்டாப்பில் போடும் முன் இதை லாக் செய்துவிடுங்கள். கை தவறி டெலீட் அழுத்தினாலும் படம் போகாது, கம்ப்யூட்டரில் வைரஸ் இருந்தாலும் கார்டில் ஏறாது. திரும்பக் கேமராவில் போடும்போது மேலே ஏற்ற மறந்துவிட்டால் 'கார்டு லாக் ஆகியிருக்கிறது' என்று கேமரா மல்லுக்கட்டும். அதைக் கார்டு கெட்டுவிட்டது என்று நினைத்துப் புதுக் கார்டு வாங்கப் போகிறவர்களும் உண்டு.

காப்பி செய்தல்

முதலில் லேப்டாப்பில் இடம் இருக்கிறதா என்று பாருங்கள். கார்டில் 18 ஜிபி இருந்தால் லேப்டாப்பில் குறைந்தது 25 ஜிபியாவது காலியாக இருக்கட்டும்.

அடுத்து, படங்கள் போய்ச் சேர வேண்டிய போல்டரை உருவாக்குங்கள். பெயரில் ஆண்டு முதலில், பிறகு மாதம், பிறகு தேதி: 2025-02-10_காதுகுத்து. இந்த வரிசையில் வைத்தால் கம்ப்யூட்டர் தானாகவே காலவரிசையில் அடுக்கித் தரும். தேதியை முதலில் வைத்தால் ஜனவரி 10, பிப்ரவரி 10, மார்ச் 10 எல்லாம் ஒன்றாக வந்து குவியும். தமிழில் பெயர் வைப்பதில் இப்போதைய விண்டோஸிலோ மேக்கிலோ சிக்கல் எதுவும் இல்லை.

கார்டை ரீடரில் போட்டதும் விண்டோஸ் ஏதாவது ஒரு பெட்டியைத் திறந்து 'என்ன செய்யட்டும்?' என்று கேட்கும். மூடிவிடுங்கள். ஃபைல் எக்ஸ்ப்ளோரரைத் திறந்து, 'திஸ் பிசி' என்பதற்குள் போனால் கார்டு ஒரு டிரைவாக இருக்கும். அதற்குள் டிசிஐஎம் என்ற போல்டர். எந்தக் கம்பெனி கேமரா என்றாலும் படங்கள் இதற்குள்தான் இருக்கும். கேமராத் தயாரிப்பாளர்கள் எல்லோருக்கும் பொதுவான விதி அது. உள்ளே 100கேனான் என்பதுபோல் மூன்று இலக்க எண்ணோடு தொடங்கும் போல்டர்கள். படத்தின் எண் 9999-ஐத் தாண்டியதும் கேமரா 101 என்று அடுத்த போல்டரைத் திறக்கும். ஒன்றை மட்டும் காப்பி செய்துவிட்டு மற்றதை விட்டுவிடுவது இங்கே வழக்கமாக நடக்கும் தவறு. ஆகவே உள்ளே போய் ஒவ்வொரு படமாகத் தேர்ந்தெடுக்க வேண்டாம். டிசிஐஎம் போல்டரை அப்படியே காப்பி செய்து, நீங்கள் உருவாக்கிய போல்டருக்குள் பேஸ்ட் செய்யுங்கள்.

கட் வேண்டாம், காப்பி மட்டும். கட் செய்து ஒட்டும்போது பாதி வழியில் கேபிள் அசைந்தாலோ மின்சாரம் போனாலோ, எது போய்ச் சேர்ந்தது எது கார்டில் மிச்சம் இருக்கிறது என்று தேடிக்கொண்டிருக்க வேண்டும். காப்பியில் அந்தத் தொல்லை இல்லை. கார்டில் உள்ளது கார்டிலேயே இருக்கும்; மறுபடி முதலிலிருந்து தொடங்கலாம்.

சோனி கேமராக்காரர்களுக்கு ஒரு எச்சரிக்கை. சோனியில் படங்கள் டிசிஐஎம்மில் இருந்தாலும், எக்ஸ்ஏவிசி என்ற சோனி முறையில் எடுத்த வீடியோக்கள் அதற்கு வெளியே பிரைவேட் என்ற போல்டருக்குள் எம்4ரூட், அதற்குள் கிளிப் என்று ஆழத்தில் இருக்கும். ஏவிசிஎச்டி முறையில் எடுத்திருந்தால் அதுவும் பிரைவேட்டுக்குள்தான். படங்களை மட்டும் எடுத்துக்கொண்டு கார்டை ஃபார்மட் செய்துவிட்டால் வீடியோக்கள் போச்சு. கார்டில் உள்ள எல்லாவற்றையும் தேர்ந்தெடுத்துக் காப்பி செய்வதே உத்தமம்.

அதே பெயரில் கோப்பு ஏற்கெனவே இருக்கிறது, மாற்றி எழுதவா, விட்டுவிடவா என்று விண்டோஸ் கேட்டால் நிறுத்தி யோசியுங்கள். கேமராவில் எண்வரிசை அமைப்பு 'தொடர்' என்று இல்லாமல் 'மீண்டும் தொடக்கம்' என்று இருந்தால், ஒவ்வொரு முறை கார்டை ஃபார்மட் செய்தபோதும் 0001-லிருந்து எண்ணும். போன மாதத்துக் கோயில் படமும் இந்த மாதத்துக் காதுகுத்துப் படமும் ஒரே பெயரில் இருக்கும். ஒரே போல்டரில் கொட்டி, 'மாற்றி எழுது' என்று அழுத்தினால் பழையது அழிந்தது அழிந்ததுதான். ஒவ்வொரு விசேஷத்துக்கும் தனிப் போல்டர் வைப்பதற்கு இதுதான் முக்கியமான காரணம். கேனானில் ஃபைல் நம்பரிங் என்பதைக் கண்டின்யுவஸ் என்றும், நிக்கானில் ஃபைல் நம்பர் சீக்வன்ஸ் என்பதை ஆன் என்றும் இன்றே வைத்துவிடுங்கள்.

எல்லாம் வந்ததா?

கார்டில் உள்ள டிசிஐஎம் போல்டரை ரைட் கிளிக் செய்து ப்ராப்பர்ட்டீஸ் பாருங்கள். எத்தனை கோப்பு, எத்தனை போல்டர், மொத்தம் எத்தனை பைட் என்று காட்டும். லேப்டாப்பில் உள்ள டிசிஐஎம்முக்கும் அதையே பாருங்கள். இரண்டும் இம்மி பிசகாமல் ஒன்றாக இருக்க வேண்டும். அங்கே சைஸ், சைஸ் ஆன் டிஸ்க் என்று இரண்டு எண்கள் இருக்கும். முதல் எண்ணைத்தான் ஒப்பிட வேண்டும். இரண்டாவது எண், டிஸ்க்கில் அடைத்துக்கொள்ளும் இடம். கார்டும் ஹார்ட் டிஸ்க்கும் இடத்தை வெவ்வேறு அளவுக் கட்டங்களாகப் பிரித்து வைத்திருப்பதால் அது ஒத்துப்போகாது. அதைப் பார்த்துப் பயப்படத் தேவையில்லை.

எண் சரியாக இருந்தாலும் சில படங்களைத் திறந்து பாருங்கள். முதல் படம், கடைசிப் படம், நடுவில் ஐந்தாறு. சிறுபடத்தை மட்டும் பார்த்துத் திருப்தி அடைய வேண்டாம். ஜேபெக் கோப்புக்குள் சிறுபடம் தனியாகப் பதிந்திருக்கும். பெரிய படம் பாதி சிதைந்து கீழ்ப்பகுதி சாம்பல் நிறமாகக் கிடந்தாலும் சிறுபடம் ஜம்மென்று தெரியும். முழு அளவில் திறந்து, அடிவரை படம் இருக்கிறதா என்று பார்ப்பதுதான் பார்வை.

இன்னும் உறுதி வேண்டுமென்றால் டெராகாப்பி போன்ற மென்பொருள்கள் காப்பி செய்தபின் இரண்டு பக்கக் கோப்புகளையும் திரும்பப் படித்து ஒப்பிட்டுச் சொல்லும். கல்யாண வேலை எடுப்பவர்கள் இதை வழக்கமாக்கிக்கொள்வது நல்லது.

ரா, ஜேபெக் இரண்டும் எடுத்தவர்கள் கவனிக்க வேண்டியது ஒன்று. விண்டோஸ் இயல்பாகவே கோப்பின் பின்னொட்டை மறைத்துவிடும். ஆகவே ஒரே பெயரில் இரண்டு இரண்டாகத் தெரியும். ஒன்று ஜேபிஜி, மற்றது சிஆர்2 அல்லது என்இஎஃப். டூப்ளிகேட் என்று நினைத்து ஒன்றைத் தூக்கிப்போட்டால் போவது பெரும்பாலும் ராவாகத்தான் இருக்கும், ஏனென்றால் அதற்குத்தான் சிறுபடம் தெரியாது. ஃபைல் எக்ஸ்ப்ளோரரில் வியூ, ஷோ, ஃபைல் நேம் எக்ஸ்டென்ஷன்ஸ் என்று போய் பின்னொட்டைக் காட்டச் செய்யுங்கள். மைக்ரோசாப்ட் ஸ்டோரில் ரா இமேஜ் எக்ஸ்டென்ஷன் என்று இலவசமாகக் கிடைக்கிறது. அதைப் போட்டால் பல கேமராக்களின் ரா படங்களுக்கும் சிறுபடம் வரும்.

வேலை முடிந்ததும் டிரைவை ரைட் கிளிக் செய்து எஜெக்ட் கொடுத்த பிறகு கார்டை உருவுங்கள். லாக் செய்த கார்டுக்கு இது அவ்வளவு முக்கியம் இல்லை என்றாலும் பழக்கம் நல்லது.

கார்டை அழிக்கும் முன் இரண்டாவது பிரதி

லேப்டாப்பில் வந்துவிட்டது என்றதும் கார்டை ஃபார்மட் செய்தால், அந்தப் படங்கள் உலகத்தில் ஒரே இடத்தில்தான் இருக்கின்றன. லேப்டாப் கீழே விழுந்தால் கதை முடிந்தது. வெளி ஹார்ட் டிஸ்க் ஒன்றில் இன்னொரு பிரதி எடுத்து, அதையும் மேலே சொன்னபடி ஒப்பிட்டுப் பார்த்த பிறகே கார்டைத் தொட வேண்டும். போட்டோகிராபர்கள் 3-2-1 என்று ஒரு கணக்குச் சொல்வார்கள்: 3 பிரதிகள், 2 வகைச் சாதனங்கள், 1 பிரதி வீட்டுக்கு வெளியே. வெளியே என்பது ஊரில் உள்ள அண்ணன் வீட்டு அலமாரியாகவும் இருக்கலாம், கூகுள் டிரைவாகவும் இருக்கலாம். கூகுள் கணக்கில் இலவசமாகக் கிடைக்கும் 15 ஜிபி, மெயில், டிரைவ், போட்டோஸ் மூன்றுக்கும் சேர்த்துத்தான். 2021 ஜூன் 1 முதல் போட்டோஸில் ஏற்றுவதெல்லாம் அந்தக் கணக்கில் சேர்கிறது. 'ஸ்டோரேஜ் சேவர்' என்ற அமைப்பில் ஏற்றினால் படத்தைச் சுருக்கி, 16 மெகாபிக்சலுக்கு மேல் உள்ளதை அந்த அளவுக்குக் குறைத்துவிடும். அதைப் பிரதி என்று கணக்கில் வைக்கக் கூடாது. பென்டிரைவையும் அப்படித்தான். ஒருவருக்குப் படம் கொடுத்தனுப்ப உதவும், சேமித்து வைக்க லாயக்கில்லை.

இரண்டு பிரதியும் சரியென்றால் கார்டைக் கேமராவில் போட்டு, கேமராவின் மெனுவிலேயே ஃபார்மட் செய்யுங்கள். கம்ப்யூட்டரில் செய்ய வேண்டாம். கேமரா தனக்கு வேண்டிய முறையில் கார்டைப் பிரித்து, டிசிஐஎம் போல்டரையும் தானே உருவாக்கிக்கொள்ளும். கம்ப்யூட்டரில் வேறு முறையில் ஃபார்மட் செய்த கார்டைக் கேமரா ஏற்க மறுப்பது உண்டு. படங்களை ஒவ்வொன்றாக டெலீட் செய்து கொண்டிருப்பதைவிட ஃபார்மட் வேகமானது, சுத்தமானது. மேக் கம்ப்யூட்டரில் கார்டிலிருந்து படங்களை அழித்தால் அவை கார்டுக்குள்ளேயே கண்ணுக்குத் தெரியாத குப்பைத்தொட்டிக்குப் போகும். படமும் தெரியாது, இடமும் கிடைக்காது. கேமராவில் ஃபார்மட் செய்ததும் சரியாகிவிடும்.

கார்டில் இருக்கும்போதே படத்துக்குப் பெயர் மாற்றுவது, திருப்புவது, வெட்டுவது எதுவும் செய்யாதீர்கள். கேமராவுக்கு அந்தப் படத்தை அடையாளம் தெரியாமல் போய்விடும்.

மேக், லினக்ஸ், போன்

மேக்கில் கார்டு ஃபைண்டரிலேயே வரும்; மேலே சொன்ன வேலைதான். கேபிளில் இணைத்தால் இமேஜ் கேப்சர் என்ற செயலியைத் திறந்து, சேமிக்கும் போல்டரைத் தேர்ந்தெடுத்து, எல்லாவற்றையும் இறக்கலாம். போட்டோஸ் செயலியில் இறக்கினால் படங்கள் அதன் லைப்ரரிக்குள் போய்விடும். அங்கிருந்து அசல் கோப்பு வேண்டுமானால் 'மாற்றப்படாத அசல்' என்று ஏற்றுமதி செய்ய வேண்டும். இரண்டிலுமே 'இறக்கிய பின் அழி' என்று ஒரு பெட்டி உண்டு. டிக் இருந்தால் எடுத்துவிடுங்கள். சரிபார்க்க வாய்ப்பே தராமல் அழித்துவிடும். மேக் தன் சௌகரியத்துக்காகப் புள்ளியும் கீழ்க்கோடும் முன்னொட்டாக உள்ள குட்டிக் கோப்புகளைக் கார்டில் போட்டுவைக்கும். கோப்பு எண்ணிக்கை கூடுதலாகத் தெரிந்தால் இதுதான் காரணம்.

லினக்ஸில் கார்டு ரீடர்தான் நிம்மதி. 2019-இல் வந்த 5.4 கெர்னலிலிருந்து, பெரிய கார்டுகளில் உள்ள எக்ஸ்ஃபேட் என்ற கோப்பு முறையைப் படிக்கும் வசதி உள்ளேயே இருப்பதால் 64 ஜிபி கார்டும் நேராகத் திறக்கும். மிகப் பழைய லினக்ஸில் அதற்கான பொதியைத் தனியாக நிறுவ வேண்டும்.

போனுக்கு வைஃபையில் அனுப்புவது உடனே நாலு படம் பகிர்வதற்கு நல்லது, 500 படத்துக்கு ஆகாது. நிக்கானின் ஸ்னாப்பிரிட்ஜ் செயலி வழியாகத் தானாகப் போகும் படங்கள் 2 மெகாபிக்சலுக்குச் சுருங்கியவை. 'படம்தான் போனில் இருக்கிறதே' என்று கார்டை அழித்துவிட்டு, ஆல்பம் போடும்போது தலையில் கை வைக்கக் கூடாது. வாட்ஸ்அப்பில் அனுப்பினாலும் படம் சுருங்கும். அசல் தரம் வேண்டுமென்றால் டாக்குமென்ட்டாக அனுப்ப வேண்டும்.

வராவிட்டால் என்ன பார்ப்பது

கேபிளில் இணைத்தும் கேமரா லேப்டாப்பில் தெரியவில்லை என்றால் முதல் சந்தேகம் கேபிள் மேல். சார்ஜ் செய்ய மட்டும் உள்ள கேபிள்களில் தகவல் போகும் கம்பிகளே இருக்காது. அடுத்து, கேனானில் வைஃபை எனேபிள் என்று இருக்கிறதா பாருங்கள். 1500டி போன்ற மாடல்களில் வைஃபை இயங்கும்போது கேபிள் இணைப்பு வேலை செய்யாது. சோனியில் மெனுவில் யுஎஸ்பி கனெக்‌ஷன் என்பதை மாஸ் ஸ்டோரேஜ் என்று மாற்றிப் பாருங்கள். கேமரா ஆனில் இருக்க வேண்டும் என்பதையும் சொல்லிவிடலாம், அதைப் பலர் மறக்கிறார்கள். யுஎஸ்பி ஹப் வழியாக இணைத்திருந்தால் நேராக லேப்டாப் துளையில் செருகுங்கள்.

கார்டு ரீடரில் தெரியவில்லை என்றால், ரீடரின் வயதைப் பாருங்கள். 32 ஜிபிவரை உள்ள கார்டுகள் எஸ்டிஎச்சி. அதற்கு மேல் எஸ்டிஎக்ஸ்சி. பழைய ரீடர்கள் எஸ்டிஎச்சியோடு நின்றுவிடும்; 64 ஜிபி கார்டைப் போட்டால் ஒன்றும் தெரியாது, அல்லது 'இந்த டிஸ்க்கை ஃபார்மட் செய்ய வேண்டும்' என்று கேட்கும்.

இந்தக் கேள்வி எப்போது வந்தாலும் கேன்சல்தான் பதில். பதறாத காரியம் சிதறாது. கார்டை எடுத்துக் கேமராவில் போட்டுப் பாருங்கள். கேமராவில் படங்கள் தெரிந்தால் கார்டில் கோளாறு இல்லை, ரீடரில்தான் கோளாறு. வேறு ரீடரிலோ கேபிளிலோ வேலையை முடித்துக்கொள்ளலாம். கேமராவிலும் தெரியவில்லை என்றால் கார்டின் செப்புப்பட்டைகளில் விரல் பிசுக்கு இருக்கலாம். உலர்ந்த, பஞ்சு உதிராத துணியால் துடையுங்கள். பென்சில் ரப்பரால் தேய்க்கும் வழக்கம் இருக்கிறது. துகள் ஸ்லாட்டுக்குள் போய் மாட்டும், வேண்டாம். மைக்ரோ எஸ்டியை அடாப்டரில் போட்டுப் பயன்படுத்துபவர்கள் முதலில் அடாப்டரை மாற்றிப் பாருங்கள், பல நேரம் கெட்டிருப்பது அதுதான்.

காப்பி ஒரு குறிப்பிட்ட படத்தில் வந்து நின்றுபோகிறது என்றால் அந்தப் படத்தை ஸ்கிப் செய்து மற்றவற்றை முதலில் எடுத்துவிடுங்கள். நின்ற ஒன்றை வேறு ரீடரில் போட்டு முயலலாம். அப்படி நின்ற கார்டை அதன்பின் முக்கியமான வேலைக்கு எடுத்துப் போக வேண்டாம்.

இன்னொன்று நம் ஊரில் சகஜம். பிரிண்ட் போடக் கடையில் கார்டைக் கொடுத்து வாங்கியபின் போல்டர்கள் எல்லாம் ஷார்ட்கட்டாக மாறியிருக்கும், திறந்தால் படம் வராது. கடைக் கம்ப்யூட்டரில் இருந்த வைரஸ் அசல் போல்டரை மறைத்துவிட்டு அதே பெயரில் ஷார்ட்கட் வைத்திருக்கிறது. அந்த ஷார்ட்கட்டை இருமுறை தட்டாதீர்கள், தட்டினால் உங்கள் லேப்டாப்பிலும் ஏறும். வியூ, ஷோ, ஹிட்டன் ஐட்டம்ஸ் என்று டிக் செய்யுங்கள்; அப்படியும் தெரியவில்லை என்றால் போல்டர் ஆப்ஷன்ஸில் 'பாதுகாக்கப்பட்ட இயங்குதளக் கோப்புகளை மறை' என்பதில் உள்ள டிக்கை எடுங்கள். அசல் போல்டர் மங்கலாகத் தெரியும். அதிலிருந்து படங்களை மட்டும் காப்பி செய்துகொண்டு கார்டைக் கேமராவில் ஃபார்மட் செய்யலாம். கடைக்குக் கார்டைக் கொடுக்காமல், வேண்டிய படங்களைப் பென்டிரைவில் போட்டுக் கொடுப்பது எப்போதும் மேல்.

தெரியாமல் அழித்துவிட்டால்

கார்டில் அதற்குப்பின் ஒரு படம்கூட எடுக்காதீர்கள். கார்டை வெளியே எடுத்து லாக் செய்துவிடுங்கள். டெலீட் செய்தாலும், பெரும்பாலான கேமராக்களின் சாதாரண ஃபார்மட்டிலும், போவது பெயர்ப்பட்டியல்தான். படத்தின் தகவல் புதிதாக ஏதாவது மேலே எழுதப்படும்வரை கார்டில் கிடக்கும். சில கேமராக்களில் லோ லெவல் ஃபார்மட் என்று தனியாக ஒரு தேர்வு இருக்கும். அதைத் தேர்ந்தெடுத்திருந்தால் மீட்பது கடினம்.

ஃபோட்டோரெக் என்ற மென்பொருள் இலவசம், விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும். தோற்றம் கரடுமுரடாக இருக்கும், ஆனால் வேலையில் சோடை போகாது. கார்டைத் தேர்ந்தெடுத்து, மீட்ட படங்களை லேப்டாப்பில் ஒரு புதுப் போல்டரில் போடச் சொல்லுங்கள். அதே கார்டிலேயே போடச் சொன்னால் மீட்க வேண்டிய படத்தின் மேலேயே எழுதிவிடும். பழைய கோப்புப் பெயர்கள் திரும்ப வராது, ஏதோ எண்களோடு வரும். எடுத்த தேதி படத்துக்குள்ளேயே பதிந்திருப்பதால் அதை வைத்து வரிசைப்படுத்திக்கொள்ளலாம். ஆனால் கேமராவின் கடிகாரம் சரியாக இருந்திருந்தால்தான் அந்தத் தேதியை நம்ப முடியும். மாதக்கணக்கில் பேட்டரி இல்லாமல் கிடந்த கேமராவில் தேதி தொடக்க நிலைக்குப் போய்விடும், பேட்டரி போட்டதும் முதலில் அதைச் சரிசெய்யுங்கள்.

அலமாரியில் கிடக்கும் பழைய கேமரா

2000-களில் வாங்கிய கேமராக்களில் எஸ்டி கார்டு இல்லாமலும் இருக்கலாம். ஒலிம்பஸ், ஃபியூஜி கேமராக்களில் எக்ஸ்டி பிக்சர் கார்டு, சோனியில் மெமரி ஸ்டிக், பெரிய கேமராக்களில் காம்பேக்ட் ஃபிளாஷ். எல்லாம் படிக்கும் பல்துளை ரீடர் கிடைத்தால் நல்லது. கிடைக்காவிட்டால் கேமராவுக்கான கேபிளைத் தேடுவதே வழி. அந்தக் காலத்துச் சிறிய கேமராக்கள் சிலவற்றில் மினி-பியும் இல்லாமல் கம்பெனிக்கே உரிய தனித் துளை இருக்கும், மாடல் எண்ணைச் சொல்லித்தான் வாங்க வேண்டும். காம்பேக்ட் ஃபிளாஷை ரீடரில் செருகும்போது கோணல் கூடாது. ஸ்லாட்டுக்குள் 50 ஊசிகள் இருக்கின்றன, ஒன்று வளைந்தாலும் படிக்காது. கார்டு நேராகப் போகாமல் தடுத்தால் அழுத்தாமல் வெளியே எடுத்து, டார்ச் அடித்து ஊசிகளைப் பாருங்கள்.

கார்டு போடாமலே படம் எடுக்கக்கூடிய பழைய கேமராவும் உண்டு. உள்நினைவகத்தில் பத்து, இருபது படங்கள் தங்கியிருக்கும். அவற்றை எடுக்கக் கார்டை வெளியே எடுத்துவிட்டுக் கேமராவைக் கேபிளில் இணைக்க வேண்டும். அல்லது காலிக் கார்டைப் போட்டு, கேமரா மெனுவில் உள்நினைவகத்திலிருந்து கார்டுக்குக் காப்பி செய் என்ற தேர்வைப் பயன்படுத்தலாம். விற்கும் முன்னோ யாருக்காவது கொடுக்கும் முன்னோ அதை ஒருமுறை பார்த்துவிடுங்கள்.